புதினா விஸ்கியில் ஒரு கோளாறு

வாயில் இருந்ததை லிஃப்ட் மெக்கானிக் சிங்க்கில் துப்பினார்.

"ஏன் மாமா? எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் மச்சான், தன் கிளாஸைக் காலி செய்தபடி.

"உனக்கு எது நல்லா இல்லாம இருந்திருக்கு? உங்கக்கா போட்டது இப்படியாடா இருக்கும்?"

மனைவி இறந்து இரண்டு மாதம். அவள் குரல் போனில் இருந்தது. புடவைகள் அலமாரியில் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கலந்து தரும் புதினா விஸ்கியின் ருசிதான் எங்குமே இல்லை. ஒரே ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று நின்றார்.

எந்தக் கோளாறுக்கும் ஏதாவது ஒரு பாகம்தான் காரணம் என்பது அவர் தொழில் நம்பிக்கை. முதலில் புதினாவைச் சந்தேகித்து மிக்ஸியில் போட்டார். பச்சைப் பெயின்ட் வந்தது. கசப்புக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றினார். இருமல் மருந்தானது. பாகை நீர்க்க வைக்க, ஐஸைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் அடித்தார். ஐஸ் உடைந்தது. அவள் கடை கடையாய் ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த சமையல் மேடைக் கல்லின் ஓரமும் கூடவே உடைந்தது.

"அக்கா இருந்தா இப்போ உங்களைக் கொன்னிருக்கும்."

"இருந்தா நான் ஏன்டா உடைக்கிறேன்?"

சிந்திய பச்சையை மெக்கானிக் துடைத்தார். துடைத்தது அவளுடைய கைத்துண்டு என்று பிறகுதான் கண்ணில் பட்டது. பதறிப்போய் சோப்புப் போட்டு அலசினார். புதினாக் கறை போகவில்லை. அவள் வாசனைதான் போயிற்று.

ஈரத்துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதே கடை, அதே பாட்டில்டா. வாங்கிட்டு வந்து அவ கையில குடுக்கறதோட சரி. அவ போட்டா பட்டு மாதிரி இறங்கும். இது தொண்டையை அறுக்குது. அந்த ஒரு கிளாஸுக்கே பாடுவேன், மேனேஜரைத் திட்டுவேன். 'ஏறிடுச்சு, போய்ப் படுங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா. அப்படி என்னதான்டா போட்டா அதுல?"

மச்சான் தன் காலிக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உங்களுக்கு நெஞ்சுவலி வந்த நாள்லேருந்து அக்கா அதுல ஊத்தினது ஆறவெச்ச டீத்தண்ணிதான் மாமா. பாட்டிலெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடும்."