லூர்து பேருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் பாதியை விழுங்கிச் சொன்ன பாவம் ஒன்று உண்டு. சிங்கம்புணரியில் நல்லபடியாக ஆடு வளர்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார் லூர்துவை நான் சாகடித்தேன். கத்தி, விஷம் எதுவும் தேவைப்படவில்லை. ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு வாயாலேயே முடித்துவிட்டேன்.

நான் ஆண்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. (என் வீட்டுக்காரருக்கு மீசை இருப்பதையே கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.) படித்தது ஐந்தாம் வகுப்பு. வெட்கம் அதிகம், சந்தேகம் அதைவிட அதிகம். பால்காரர் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொள்வேன்.

நாலு வருஷத்துக்கு முன், அக்டோபர் மாதம், எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்து, என் மாமனார் கல்லறையின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எழுத்தைப் படித்து நோட்டில் வேறு எழுதினார். விசாரித்தால், திருப்பத்தூர்க்காரர், ரிட்டயர்டு வக்கீல் என்றார்கள். செத்தவரிடம் வக்கீலுக்கு என்ன வேலை?

நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். இளையவள் லூர்து. எங்கள் பக்கம் ஒருவர் உங்கள் தாத்தா பேரைக் கேட்டால் அது பாசத்தினால் இல்லை, வாரிசு சர்டிபிகேட்டுக்காக. லூர்து அதுநாள்வரை பங்கு கேட்டதே இல்லை. அதனாலேயே, கேட்க வெட்கப்பட்டு வக்கீலை அனுப்பிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் வக்கீல் வாசலுக்கே வந்துவிட்டார். நான் கதவைத் திறக்காமல் ஜன்னலுக்குப் போனேன்.

“பயப்படாதீகம்மா. நம்ம கோயிலச் சேந்த குடும்பம் எல்லாத்துக்கும் கொடிவழி எழுதுறேன். யாருக்கு யாரு பிள்ளை, யாரு எங்க கட்டிக்குடுத்தாகன்னு.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

(சும்மா! வக்கீல் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.)

பாவம், எனக்குப் புரியவைக்கப் பார்த்தார். “அமெரிக்காவுல நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வக்கீலு இருந்தாரும்மா. கேஸ் கட்டையெல்லாம் தள்ளி வச்சிட்டு, ஊர் ஊராப் போயி கல்லறை எழுத்து, பழைய கடுதாசி, கோயில் புத்தகம்னு தேடித்தேடி வம்சாவழி எழுதியே காலத்தக் கழிச்சாரு. அவரு கதையப் படிச்சுத்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடிச்சிருச்சு.”

‘அங்கே எத்தனை வீடு பாகம் பிரிந்ததோ’ என்று நினைத்துக்கொண்டேன்.

“பழைய பத்திரம், ஓலை எதுவும் இருக்காம்மா?”

“கரையான் தின்னுருச்சு.” (பத்திரம் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது.)

“உங்க மாமனாருக்கு எத்தன பிள்ளைக?”

“ஒண்ணு.”

“ஞானஸ்நானப் புத்தகத்துல லூர்து மேரின்னு ஒரு பொண்ணு இருக்கே?”

அதையும் பார்த்துவிட்டாரா! “அது... செத்துப்போச்சு.”

“அடடா. என்ன செஞ்சுச்சு?”

“வயித்துவலி.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு நோட்டில் லூர்து பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை வரைந்தார். வீடு பிழைத்தது என்று மூச்சு விட்டேன்.

கிளம்பும்போதுதான் சொன்னார்: “கல்லறைத் திருநாள் பூசையில வாசிக்க, இறந்தவுக பேரெல்லாம் சாமியார்கிட்டக் குடுக்கப்போறேன். உங்க நாத்தனாருக்கும் ஒரு செபம் கிடைக்கட்டும்.”

அண்ணன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற லூர்து வருஷம் தவறாமல் வருகிற நாள் அது.

உண்மையைச் சொல்லிவிட சாமியார் பங்களாவுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை, “என்னம்மா?” என்றார், “பூ நல்லாப் பூத்திருக்கு சாமி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை கேட்டைத் தொட்டதோடு சரி. கடைசியில் லூர்துக்கே போன் போட்டேன். “இங்க ஒரே மழை. இந்த வருஷம் நீ வராத.”

“மழையா?” என்றாள். சந்தேகம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் சொந்தமில்லை. மதினி எதையோ மறைக்கிறாள் என்று முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

பூசையில் என் பக்கத்தில்தான் முழங்காலிட்டிருந்தாள். உபதேசியார் மைக்கில் வாசித்துக்கொண்டே வந்தார். மாமனார் பேர். என் வீட்டுக்காரர் பேர். அப்புறம், “லூர்து மேரி.” கூட்டமே அவளுக்காக நித்திய இளைப்பாற்றி வேண்டியது. பழக்கத்தில் அவளும் சேர்ந்து வேண்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“ஏன் மதினி, நான் எப்பச் செத்தேன்?”

நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா நானும் வந்து அழுதிருப்பேன்ல?”

பூசை முடிந்து வெளியே வந்தால் வக்கீல் எதிரே நிற்கிறார். லூர்து நேரே அவரிடம் போய்த் தன் பேரைச் சொன்னாள். மனிதர் இரண்டு எட்டு பின்னால் போனார். “வயித்துவலியில... உங்க மதினிதானம்மா சொன்னாக!”

“வயித்துவலியா? என்னைய அனுப்ப வேற நல்ல சீக்கே கிடைக்கலையா மதினி? எதுக்கு இப்படிச் செஞ்சீக?”

ஊரே சுற்றி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தேன். “வீட்ல பங்கு கேட்டுருவியோன்னு...”

லூர்து என்னையே பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. கோபம் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு வக்கீலிடம் திரும்பினாள். “அய்யா, அந்த வீட்ல எனக்குப் பங்கு இருக்கா?”

வம்சாவழிப் பைத்தியம் பிடித்தாலும் வக்கீல் வக்கீல்தானே? யோசிக்கவே இல்லை. “சரிபாதி தாயி.”

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. மறுவாரம் ஒரு டிரங்குப் பெட்டியும் பூட்டும் கொண்டுவந்து முன்னறையை எடுத்துக்கொண்டாள். மாதம் பத்து நாள் அங்கேதான். நான் சும்மா இருந்திருந்தால் அவளுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது.

இன்றைக்கும் சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால், யாராவது வரத் தாமதமானால் லூர்து சத்தமாகச் சொல்வாள்: “அவுக எங்கேன்னு எங்க மதினிகிட்ட மட்டும் கேட்டுறாதீக!” பந்தலே சிரிக்கும். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். கண் மட்டும் அவள் கைப்பைமேல் இருக்கும். அந்த வக்கீல் எழுதிக்கொடுத்த காகிதம் ஏதாவது உள்ளே இருக்குமோ?