வட்டமும் ஒரு வாய்த் தண்ணீரும்

தமிழ்நாட்டில் கூட்டம் நடத்தத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவருக்கு மேடையில் பேச வராது. மைக்கைக் கையில் கொடுத்தால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரகடத்தில் கார்களுக்கு சைடு மிரர் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஹெச்.ஆர். கிளார்க்காகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மூன்றாம் லைனில் இன்ஸ்பெக்டர். ஐ.டி. கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. எல்லோருக்கும் அவர் வட்டம்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்ததும் லைன் மீட்டிங். மூன்று மணிக்குத் தொடங்கும். மூன்றரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். யாராவது வாயைத் திறந்து ஒரு குறை சொன்னால் அத்தனை பேருக்கும் பஸ் போய்விடும், அப்புறம் படப்பை வரைக்கும் ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டும். சூப்பர்வைசர் தயாளன் இருபத்தெட்டு நிமிஷம் பேசிவிட்டு, "யாருக்கனா எதுனா பிரச்சன கீதா?" என்று கதவைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "இல்ல சார்" என்று கோரஸ். நான் நோட்டில் 'பிரச்சினை எதுவும் இல்லை' என்று எழுதுவேன். அந்த நோட்டை யாராவது படித்தால், பூமியில் சொர்க்கம் ஒரகடத்தில்தான் இருந்தது என்று நம்பிவிடுவார்கள்.

இந்த லட்சணத்தில், கூட்டம் நடத்துவது எப்படி என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி வந்தது. தயாளன் போயிருக்க வேண்டும். அவர் மச்சானுக்குக் கல்யாணம். ஆள் கணக்குக்காக இந்த இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள், துணைக்கு என்னையும். அந்தப் பயிற்சியில் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது இரண்டாம் நாள் போட்ட காலிஃபிளவர் சூப். அவர் ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தார்.

அடுத்த மீட்டிங்குக்கு நாங்கள் உள்ளே போனால், ரூமில் மேஜையைக் காணோம். கேண்டீன் ஸ்டூல்கள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன.

"மேஜ எங்கய்யா?" என்றார் தயாளன்.

"வெளிய கீது சார்."

"அப்ப நான் எங்க நின்னு பேசறது?"

"ஒக்காருங்க சார். இனிமே எல்லாரும் ஒக்காந்துகினுதான்."

தயாளன் உட்கார்ந்தார். அவருக்கு உச்சியில் சொட்டை விழுந்திருப்பது அன்றைக்குத்தான் லைனுக்குத் தெரிந்தது. வட்டம் என்ற பெயரும் அன்றைக்கு வைத்ததுதான்.

ஆரம்பத்தில் அவர் தொட்டதெல்லாம் சொதப்பல். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எழுதி ஒட்டட்டும் என்று மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்தார். லைன் பக்கத்திலேயே ஒரு போர்டு வைத்தார். போர்டுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன் இருந்ததை அவர் யோசிக்கவில்லை. சீட்டுகள் லைன் முழுக்கப் பறந்தன. பொறுக்கியதில் ஒன்று தப்பிவிட்டது. நான்கு நாள் கழித்து ஒரு கார் கம்பெனியிலிருந்து கம்ப்ளெயிண்ட் வந்தது, போட்டோவோடு. மிரர் கண்ணாடியின் நடுவில் 'சாம்பார் தண்ணியா கீது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அதற்கு மூலகாரணம் கண்டுபிடித்து அறிக்கை அனுப்பியவன் நான்.

அடுத்த மாதம் டோக்கன். ஆளுக்கு மூன்று டோக்கன்; ஒருமுறை பேசினால் ஒன்றை டப்பாவில் போட வேண்டும்; மூன்றும் தீர்ந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே ஆள் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று அவருடைய பயிற்சி நோட்டில் எழுதியிருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அவர் எடுத்து வந்தது கேண்டீன் டோக்கன். அன்றைக்கு மூன்றாம் லைனில் தயாளன் உட்பட ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மீட்டிங் முடிந்ததும் பன்னிரண்டு பேரும் நேராகக் கேண்டீனுக்குப் போய் ஆளுக்கு மூன்று பஜ்ஜி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

"வாஷர் குடுத்திருக்கணும் சார்," என்றார் வட்டம், டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு. "அத யாரு துன்ன முடியும்?"

அப்படியே வாஷர் வந்தது, போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையம். தயாளனுக்கு அது சனியனாக வாய்த்தது. எல்லோருக்கும் வணக்கம் சொன்னதில் ஒன்று போயிற்று. "சத்தம் போடாதீங்கப்பா" என்றதில் இரண்டாவது. "யோவ், அதுக்குமா?" என்றதில் மூன்றாவது.

அதோடுதான் தண்ணீர் பழக்கமும் தொடங்கியது. கேள்வி கேட்ட பிறகு நடத்துகிறவன் பேசக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். இவர் கேள்வியைக் கேட்டதும் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். விழுங்க மாட்டார். யாராவது பதில் சொல்லும்வரை இரண்டு கன்னமும் உப்பி, கண்ணை உருட்டி ஒவ்வொருத்தராகப் பார்ப்பார். அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். அப்புறம் பாவம் பார்த்து ஏதாவது சொல்லத் தொடங்கினார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, மிரர்களில் கோடு விழத் தொடங்கியது. பழி இசக்கியம்மாள் மேல் விழுந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம், கடைசியில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறவள். அவள் கை பட்டுத்தான் கோடு என்று தயாளன் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை அவளை நிறுத்துவதாக முடிவு. கடிதத்தை டைப் அடித்தது நான்தான். மீட்டிங்குக்கு வரும்போது என் ஃபைலில் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போனால் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள் என்று ஹாஸ்டலில் அழுதாளாம். அதைக் கேட்ட பிறகும் நான் கையெழுத்துக்கு இடம் விட்டு நேர்த்தியாகத்தான் அடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அன்றைக்கு வட்டம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோடு எங்க வுழுது?" கேட்டுவிட்டு வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

தயாளன் மூன்று வாஷரையும் ஒரே மூச்சில் செலவழித்து இசக்கியின் கையைக் குறை சொன்னார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. மூன்றேகால் ஆயிற்று. மூன்று இருபத்தைந்து. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த உப்பிய கன்னங்களைப் பார்த்துக்கொண்டு எழுந்து போக யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஹாரன் இன்னும் இரண்டு முறை கேட்டது. அப்புறம் பஸ் போகிற சத்தம் கேட்டது. வட்டத்துக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் விழுங்கவில்லை.

ஒரு வாஷர் டப்பாவில் விழுந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டாண்ணே?" என்றாள் இசக்கி. "எங்கிட்ட வரும்போதே கோடு கெடக்கு. எல்லாத்துலயும் இல்ல. நாலாம் நம்பர் டிராலில வாறதுல மட்டுந்தான். கீழ்த்தட்டுல ரப்பர் பிஞ்சு, தகரம் துருத்திக்கிட்டு நிக்கி. நான் தொடைக்கத்தான் செய்யுதேன்."

தயாளன் வாயைத் திறந்தார். கையில் வாஷர் இல்லை. பக்கத்து ஆளிடம் கை நீட்டி ஒன்று வாங்கி டப்பாவில் போட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"யாரும் கேக்கலயே சார்."

எல்லோரும் டிராலியைப் பார்க்கப் போனோம். அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. தயாளன் அந்தத் தகரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்த லெட்டர் வாணாம்யா," என்றார். ரிப்பேருக்காக டிராலியின் படத்தை அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் வரைந்தோம். இசக்கியின் வேலை தப்பியது.

பஸ் போய்விட்டதால் ஷேர் ஆட்டோ. எனக்கும் வட்டத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரொம்ப நாளாக நமைத்த கேள்வியைக் கேட்டேன். "எதுக்குங்க அந்தத் தண்ணி? சும்மா வாய மூடிட்டு இருந்தாப் போதாதா?"

"நான் பேசிடுவேன் சார்," என்றார். "எட்டு வருசமா இந்த மீட்டிங்குல ஒக்காந்துகினு கீறேன். என்னிய ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. அத்தினியும் உள்ளதான் கீது. தொறந்தா நிக்காது சார்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். படப்பை வந்தது, இறங்கிப் போய்விட்டார்.

ஆறு மாதத்தில் நான் வேறு வேலைக்குப் போனேன். அவரும் அப்புறம் எங்கேயோ மாறிவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளே என்னதான் இருந்தது என்று அன்றைக்கு ஆட்டோவில் நானும் கேட்கவில்லை. இதை எங்கேயாவது படித்தால் அவர் ஒருநாள் என் வீட்டுக்கு வர வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, பஸ் போனால் போகட்டும். என் வாய்க்குத் தண்ணீர் தயாராக இருக்கிறது.