கலந்தர் வாய் திறக்கக் கூடாத அரை மணி நேரம்

இந்தத் தடவை பட்டம் வாங்காமல் விடுவதில்லை என்று உக்குவளை கலந்தர் கங்கணம் கட்டிக்கொண்டார். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். யாழ்ப்பாணம் வரை போகிற சனம் மாத்தளை பஸ் நிலையத்தில் முட்டி மோதியது. விரலால் திரையைத் தொட்டால் பஸ் நேரம் காட்டும் கம்ப்யூட்டர். அதுதான் அவருடைய ஆய்வு.

கம்ப்யூட்டரையே தொடாத ஒருவர் அதைப் பாவித்துக் காட்ட வேண்டும் என்றார் கண்டியிலிருந்து வந்த விரிவுரையாளர் ஹிதாயா மிஸ். கலந்தருக்கு அலைச்சலே இல்லை. வீட்டில் மனைவி மஸீனா இருந்தாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்று ஆறு மாதமாகக் கேட்டவளை, அவர்தான் தொடவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

"மனசுல வர்றத எல்லாம் சத்தமா சொல்லுங்க மஸீனா," என்றார் மிஸ், அவளைத் திரைக்கு முன்னால் உட்கார்த்தி. "கலந்தர், நீங்க வாயே தொறக்கக் கூடாது. அவங்க சொல்றத எழுதுங்க."

மஸீனாவின் முகம் மலர்ந்தது. கலந்தர் பேனாவைத் திறந்தார்.

"கண்டிக்கு பஸ் தேடுங்க," என்றார் மிஸ்.

"கண்டி... இந்தா, ஏழு மணி பஸ். எட்டரைக்கு வகுப்பு. போய்ச் சேந்துரலாம். இவங்க நோன்பு முடியட்டும்னாங்க, முடிஞ்சிருச்சு. ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும்னாங்க, போயிருச்சு. பகல் சோறு யாரு ஆக்குறதுன்னு கேட்டாங்க..."

கலந்தர் இருமினார்.

"இருமவும் கூடாது," என்றார் மிஸ்.

"அது சரி மிஸ், திரும்பி வர்ற பஸ் எங்க?"

கலந்தரின் பேனா நின்றது. திரும்பி வரும் பஸ் திரையில் எங்குமே இல்லை. அவர் எத்தனை மணிக்கு வீடு வந்தாலும் கேட்பாரில்லை. அந்த நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

"ரோட்டுல ஆமி செக்கிங்குக்குப் பயந்து பழகின சனம், மிஸ். போறதுக்கு முந்தி வர்றதத்தான் கேக்கும். அதுலயும் பொம்புளைக்குக் கடைசி பஸ்ஸத்தான் மொதல்ல காட்டணும்."

மிஸ் எழுந்தே நின்றுவிட்டார். "வகுப்புல சேருங்க மஸீனா. இந்த ஆய்வுலயும் சேருங்க. கலந்தர், இவங்க சொல்ற மாதிரி மாத்தினா பட்டம் நிச்சயம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கலந்தர் விழித்தார். ஆனாலும் அவளைப் பார்க்க உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மஸீனா ஏழு மணி பஸ்ஸில் கண்டிக்குப் போனாள். பகல் பசியோடு கலந்தர் குசினிக்குள் நுழைந்தார். பருப்புப் பேணியில் பருப்புப் படம். உப்புப் பேணியில் கரண்டிக் கணக்கு. அடுப்புக்கு மேலே பெரிய சிவப்பு அம்புக்குறி, அதன் கீழே அவள் கையெழுத்து:

"இங்கே ஆக்கவும். ஆம்பிளை யாரும் இன்னும் பாவித்துப் பார்க்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்."