தோற்பதற்கான சிறப்புப் பயிற்சி

கால்நடைக் குடிநீர்த் தொட்டி வாரியத்தின் திருப்பதி மண்டல இயக்குநர் கோகுலகிருஷ்ணன், அரசாங்கச் செலவில் ஒரு மலைவாசஸ்தலத்துக்குப் போய் நிர்வாகத் திறன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வரும்போது சான்றிதழோடு ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டியும் கொண்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போயிற்று. ‘ஊழியர்களிடையே கீழ்ப்படிதல் என்னும் உயரிய பண்பை வளர்க்கும் பொருட்டு, அனைவரும் தத்தம் இல்லங்களில் ரெட்ரீவர் இன நாயை வளர்த்துப் பயிற்றுவிப்பது விரும்பத்தக்கது. ஆண்டுதோறும் போட்டி நடத்தப்படும். இதில் கட்டாயம் ஏதுமில்லை. வளர்க்காதவர்களின் பெயர்களை மாத இறுதிக்குள் தெரிவிக்கவும்.’

கட்டாயம் இல்லை என்று எழுதினால் அது எத்தனை கட்டாயம் என்பது உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சித்தூரிலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் வாரிய ஊழியர் வீடுகளில் ரெட்ரீவர் குடியேறியது. குளிர் தேசத்துக்கென்று உடம்பெல்லாம் கம்பளியோடு பிறந்த அந்த ஜீவன்கள் திருப்பதி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க, அவற்றுக்காக வீட்டுக்கு வீடு ஏ.சி. மாட்டினார்கள். வாரியத்தின் தொட்டிகளில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மாடுகள் ரோட்டோரச் சாக்கடையை நக்கிக்கொண்டிருந்தன. மாடுகளைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

முனிரத்தினம் குடுபல்லிக் கிளையில் சீனியர் அசிஸ்டெண்ட். சொந்த ஊர் புத்தூர். மனைவி கீர்த்தி தினமும் புத்தூரில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள். அவர் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். திருப்பதிக்கு மாறுதல் கிடைத்தால் தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டு மனைவியோடு நாலு வார்த்தை பேசலாம். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அதற்காகக் கோயில் படி ஏறினார், யூனியன் தலைவர் வீட்டுப் படி ஏறினார், கடைசியில் நாயும் வாங்கினார்.

புஜ்ஜி என்று பெயர் வைத்தார்கள். வா என்றால் வரும், உட்கார் என்றால் உட்காரும். எதைத் தூக்கிப் போட்டாலும் பல் படாமல் கவ்வி வந்து கையில் கொடுத்துவிட்டு, இன்னும் ஏதாவது வேலை உண்டா என்று முகத்தைப் பார்க்கும். வாரியத்தில் இப்படி ஓர் ஊழியரை முனிரத்தினம் கண்டதே இல்லை.

“இத வச்சிக்கினு இந்த வருசம் ஃபர்ஸ்ட் பிரைஸ் அடிக்கறேன் பாரு,” என்றார் பெருமையாக.

“ஃபர்ஸ்ட் பிரைஸா? தாமோதரன் அண்ணன் இப்ப எங்க கீறாருன்னு மறந்துபோச்சா உங்களுக்கு?” என்றாள் கீர்த்தி.

போன வருஷம் நடந்த முதல் போட்டியில், சூதுவாது தெரியாத தாமோதரன் தன் நாயை நன்றாகப் பழக்கி இயக்குநரின் நாயை ஜெயித்துவிட்டார். இயக்குநர் தன் கையாலேயே கோப்பை கொடுத்து, முதுகில் தட்டி, பத்திரிகைக்காரர்களுக்குச் சிரித்தார். மறுநாளே ‘பொதுநலன் கருதி’ தாமோதரனைக் காட்டோரத்தில் ஒரு தொட்டிக்குப் பொறுப்பாளராக மாற்றினார்கள். அங்கே மாடு கிடையாது, தொட்டியும் கிடையாது. தொட்டி வரப்போகும் இடத்தை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் அவர் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தோற்க வேண்டும். அது அத்தனை சுலபமில்லை. இயக்குநரின் நாய்க்கு ராயல் என்று பெயர். அலுவலகத்தில் தெலுங்கு மரியாதையோடு ‘ராயல் காரு’ என்றுதான் சொல்வார்கள். ராயல் காரு வா என்றால் எதிர்ப்பக்கம் ஓடுவார். உட்கார் என்றால் மல்லாந்து படுப்பார். கீழ்ப்படிதல் அவருடைய பரம்பரையிலேயே இல்லை. அவரிடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமையைக் கற்றுத்தர ஓர் ஆள் இருந்தார். திருவள்ளூரிலிருந்து திருப்பதிக்கு வந்து நாய்ப் பயிற்சிப் பள்ளி நடத்தும் தமிழ்ச்செல்வன், முனிரத்தினத்தைப் பார்த்ததும் கேட்டார்.

“ஜெயிக்கறதுக்கா சார், தோக்கறதுக்கா?”

“தோக்கறதுக்கு.”

“போர்டு ஸ்டாஃபா? உக்காருங்க. உங்காளுங்க அல்லாரும் அந்த பேட்ச்சுதான்.”

“தோக்கறதுக்கு இன்னாத்துக்குப்பா ட்ரெய்னிங்? சும்மா வுட்டா போதாதா?”

“போதாது சார். சும்மா வுட்டா எந்த நாயும் தப்பித்தவறி ஒருவாட்டி உக்காந்துடும். மார்க் வுழுந்துடும். ராயல் காருக்குக் கீழ போவணும்னா ஒழுங்கா கத்துக்கினுதான் போவணும். உங்களுது வேற நல்ல நாயி. கஷ்டம்.”

“எதனா பண்ணுப்பா. என் குடும்பமே இதுலதான் கீது.”

“உல்டா கோர்ஸ் போட்டுடலாம். வான்னா ஓடணும், போன்னா வரணும். உக்காருன்னா நிக்கணும், நில்லுன்னா உக்காரணும். எட்த்துக்கினு வான்னா தொடவே கூடாது. தொடாதன்னா எட்த்துக்கினு வந்து கையில குடுக்கணும்.”

முனிரத்தினம் முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு எடுத்தார். அந்த மாதம் மண்டலத்தில் பாதிப் பேருக்கு முதுகுவலி. எல்லாரும் காலையில் தமிழ்ச்செல்வனின் மைதானத்தில் சந்தித்து, ஒருவர் முதுகை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

புஜ்ஜிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. வா என்றதும் ஆசையாக ஓடிவந்தது. திட்டு விழுந்தது. திகைத்துப் பின்வாங்கியதும் பிஸ்கட் கிடைத்தது. ஒருநாள் அவருடைய செருப்பைக் கவ்வி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் வைத்தது. முனிரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத் தன்னை நினைத்தே கேவலமாக இருந்தது. ஆனால் மாறுதலையும் நினைத்துக்கொண்டார். கடைசியில் புஜ்ஜி எல்லாவற்றையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டது. மற்ற எல்லா நாய்களையும் விட நன்றாகக் கற்றுக்கொண்டது.

போட்டி திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. புனேயிலிருந்து நடுவராக ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எந்த மொழியில் கட்டளையிட்டாலும் சரி, நாய் செய்கிறதா என்பதை மட்டும் பார்ப்பேன் என்று அறிவித்துவிட்டார்.

மரபுப்படி ராயல் காரு முதலில் களமிறங்கினார். நடுவில் போய்ப் படுத்து, தூங்கிவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஊழியர்களின் நாய்கள் வந்தன. பலமனேர் கிளை சுலோசனா “வா” என்றதும் அவள் நாய் மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்கே ஓடிவிட்டது. அவள் பூரித்துப்போனாள்.

“இன்னாமா தோத்துச்சு பாத்தீங்களாண்ணா!”

நடுவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது புஜ்ஜி. முனிரத்தினம் சங்கிலியோடு எழுந்த நேரத்தில் எல்லார் சட்டைப்பையிலும் கைப்பையிலும் போன் சிணுங்கியது. கோகுலகிருஷ்ணனுக்கு மாறுதல். உத்தரவு உடனடியாக அமலுக்கு வருகிறது. புது இயக்குநர் திங்கட்கிழமையே பொறுப்பேற்கிறார்.

அந்த மைதானத்தில் அப்போது நடந்த கீழ்ப்படிதலை எந்தப் போட்டியிலும் பார்க்க முடியாது. கோகுலகிருஷ்ணன் முன்னால் சுழன்றுகொண்டிருந்த ஃபேனை அட்டெண்டர் சத்தமில்லாமல் இணை இயக்குநர் பக்கம் திருப்பினார். பாதி வழி வந்த இளநீர் வளைந்து வேறு கைக்குப் போனது. சற்றுமுன் ‘ராயல் காரு’ என்று குனிந்தவர்களில் ஒருவர், “எவன்டா இந்த நாய நடுவுல போட்டது? இழுத்துக் கட்டு!” என்றார்.

முனிரத்தினத்துக்கு மூளை வேலை செய்தது. இனித் தோற்று என்ன பிரயோஜனம்? கோப்பையோடு போய்ப் புது இயக்குநரின் முன்னால் நின்றால் திருப்பதி தராமலா போய்விடுவார்? களத்தின் மறுகோடியில் புஜ்ஜியை நிறுத்தினார். நடுவர் சைகை காட்டியதும் கத்தினார்.

“போடி! கிட்ட வராத!”

புஜ்ஜி பாய்ந்து வந்தது.

“நில்லு! உக்காந்தியோ, அவ்ளோதான்!”

புஜ்ஜி உட்கார்ந்தது. முனிரத்தினம் மரக்கட்டையைத் தூக்கி வீசினார்.

“தொடாத! தொட்டா கைய ஒட்ச்சிடுவேன்!”

புஜ்ஜி கட்டையைக் கவ்வி வந்து அவர் கையில் மெதுவாக வைத்தது. தமிழ் தெரிந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தமிழ் தெரியாத நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். முதல் பரிசு புஜ்ஜிக்கு என்று அறிவித்தார்கள்.

கைதட்டல் நடுவில் நின்றது. மறுபடியும் போன்கள் சிணுங்கின. மேலே யாரோ யாருக்கோ போன் போட்டதில், மாறுதல் உத்தரவு மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஃபேன் திரும்பி வந்தது. புது இளநீர் சீவினார்கள். ராயல் காருவை அவிழ்த்துவிடப் பலபேர் ஓடினார்கள்.

முனிரத்தினம் நடுவரிடம் ஓடி, கண்கள் கலங்க முறையிட்டார்.

“சார், இது கீழ்ப்படியாத நாய் சார்! நான் போன்னேன், வந்துச்சு. தொடாதன்னேன், எட்த்துக்கினு வந்துச்சு. இத்தினி பேரு சாட்சி சார்!”

ஒருவர் இதை இந்தியில் சொல்ல, நடுவர் உருகிப்போனார். “இவ்வளவு தன்னடக்கமுள்ள பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை” என்று மைக்கிலேயே சொன்னார். கோகுலகிருஷ்ணன் தன் கையாலேயே கோப்பை கொடுத்தார். முதுகில் தட்டினார். சிரித்தார்.

“மண்டே வந்து என்னப் பாருங்க.”

ஞாயிறு முழுவதும் முனிரத்தினம் சாப்பிடவில்லை. தாமோதரனுக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டியில்லாத தொட்டி இருக்கும் என்று நம்பிக்கொண்டு திங்கட்கிழமை போனார். உத்தரவு தயாராக இருந்தது. திருப்பதி! முனிரத்தினம் இயக்குநர் பங்களாவிலேயே ‘கீழ்ப்படிதல் மேம்பாட்டுச் சிறப்பு அலுவலர்’. ராயல் காருவைப் பழக்குவது பணி.

முதல் நாள் காலை, இயக்குநர் காபியும் கையுமாக மாடியில் நின்று பந்தை வீசினார். ராயல் காரு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“ஏமய்யா, பந்து அங்கயே கெடக்குதே?”

“ராயல் காருக்கு இன்னும் பழகல சார்.”

“பழகற வரைக்கும் பந்து அங்கயே கெடக்குமா?”

நியாயமான கேள்வி. முனிரத்தினம் ஓடிப்போய் எடுத்துவந்தார். இயக்குநருக்குத் திருப்தி. மறுபடியும் வீசினார். நாளாக நாளாக அவருக்கு அதில் ருசி ஏற்பட்டுவிட்டது. மாத அறிக்கையில் ‘வீசப்படும் பந்துகள் அனைத்தும் உடனுக்குடன் திரும்பி வருகின்றன, பயிற்சி வெற்றி’ என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

முனிரத்தினம் தினமும் சாயந்திரம் புத்தூருக்கு வந்தார். கீர்த்தி சூடாகச் சோறு போட்டாள்.

“ஆபீஸ்ல இன்னாங்க வேல? இப்படி மூச்சு வாங்குது?”

“ஃபீல்டு வேல,” என்றார் அவர். அதற்கு மேல் பேச அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கமும் ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒருநாள் காலை, பந்தோடு திரும்பிவந்தபோது பங்களா கேட்டில் வாரிய ஊழியர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற சுலோசனா கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அண்ணா, பின்பக்கம் வுழுற பந்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?”

முனிரத்தினம் நிமிர்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஒரு சிறப்பு அலுவலருக்குரிய கம்பீரத்தோடு பதில் சொன்னார்.

“எல்லாம் உரிய வழியா விண்ணப்பிக்கணும்மா. இப்படி நேரா வந்து நிக்கக் கூடாது.”