சாமி ஊர்வலத்தில் பனியன் வீசப் போனேன்

முந்தாநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். மாரியம்மன் ஊர்வலத்தில் வண்டி மேல் நின்று சூறை விட வேண்டும்.

சூறை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, முடிகிற அன்று சாமிக்கு முன்னால் ஒரு வண்டி போகும். அதில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்து எதையாவது வீசுவார்கள். வாழைப்பழம், சில்லறை, அவரவர் வேண்டுதலைப் பொறுத்தது. கையில் பிடித்தவருக்கு அந்த வருஷம் நல்லா இருக்கும் என்பார்கள். வீசுகிறவருக்குப் புண்ணியம்.

கையைத் தூக்கத் தெரிந்தால் போதும், படிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள். எட்டாவதோடு நின்ற எனக்குத் தோதான வேலை.

அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம் சூறை விட்டது எங்கள் நங்கையா. நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மங்கலத்தில் தறி வைத்திருக்கிறார்கள். பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். அவர் வீசியதெல்லாம் பிளாஸ்டிக். விசில், சாவிக்கொத்து, லைட் எரிகிற மோதிரம். மறுநாள் காலையில் வாசல் கூட்டப் போனேன். சாக்கடை கல்யாண மண்டபம் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் மோதிரம்.

பார்த்தவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

கோயிலில் பொங்கல் கொடுக்கும்போது நாலு பேர் முன்னால் ஆரம்பித்துவிட்டேன். இதெல்லாம் வீண், வீசினால் மனுசனுக்கு உபயோகப்படுகிற மாதிரி வீச வேண்டும், நானாக இருந்தால் மறுநாள் ரோட்டில் ஒரு பொருள் கிடக்காது என்றேன். கமிட்டித் தலைவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷச் சூறை உங்களுதுதான் என்று சொல்லிக் கையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டார்.

நங்கையா கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

"நல்லதுங்க அம்மிணி. நோம்பிக்கு அடுத்த நாள் காத்தால நானே வந்து ரோட்டைப் பாக்கறன்."

அவ்வளவுதான். வருஷம் பூரா எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதை வீசுவது? வாழைப்பழம் வீசினால் மிதிபடும், யாராவது வழுக்கி விழுவார்கள். எவர்சில்வர் ஸ்பூன் யோசித்தேன், கண்ணில் பட்டால் என்ன ஆவது. சோப்பு யோசித்தேன், மழை வந்தால் ரோடெல்லாம் நுரை. தேங்காய் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆம்புலன்ஸும் கூடவே வர வேண்டியிருக்கும் என்றேன். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார் என்பது மறுநாள்தான் புரிந்தது.

கடைசியில் விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறோம். பெரிய கம்பெனிக்குப் பிள்ளைகள் பனியன், வெளியூரில் டீ-ஷர்ட் என்பார்களே அது, தைத்துக் கொடுக்கிறோம். நான் அங்கே பிசிறு வெட்டுவேன், டீ போடுவேன். ஆர்டர் முடிந்து மீந்த பீஸ் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. மஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு யானைக்குட்டி. அம்மனுக்கே உகந்த நிறம் வேறு. பிள்ளை இல்லாத வீடு உண்டா? யார் இதை ரோட்டில் போடுவார்கள்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"பனியனையா வீசப் போற? இந்த ஊர்லயா?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக்கொண்டார். தேங்காய் மாதிரி இதுவும் கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பனியனையும் பந்து மாதிரிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். மொட்டை மாடியில் நின்று வீசியும் பார்த்தேன். நன்றாகப் பறந்தது. பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் போனது. யார் கண்ணிலும் படாது, பட்டாலும் வலிக்காது என்று உறுதி செய்துகொண்டேன். கவலைப்பட வேண்டியதற்கெல்லாம் கவலைப்பட்டு முடித்துவிட்டதாக நினைத்தேன். மூட்டையில் இருந்த பீஸ் ஏன் மீந்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. குட்டி யானை லோடு வண்டியின் பின்னால் நான், பக்கத்தில் மூட்டை. எனக்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் சாமி. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். நோம்பி லீவு என்பதால் ஊரில் உள்ள எல்லா பனியன் கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், வடக்கே இருந்து வந்த பையன்கள். டீக்கடை முன்னால் நங்கையா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அம்மா தாயே என்று முதல் பந்தை வீசினேன்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. பத்துக் கை மேலே போனது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. நான் நங்கையாவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன்.

முதல் பந்தைப் பிடித்தவள் ஈஸ்வரி. அடுத்த வீதிக் கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்ததில் குறை தேடுவது, இருபது வருஷமாக அதே மேஜை. வேறு ஊராக இருந்தால் பனியனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டியிருப்பாள். ஈஸ்வரி ரப்பர் பேண்டைக் கழற்றினாள். உதறினாள். உள்பக்கம் வெளியே திருப்பினாள். தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

வீச எடுத்த அடுத்த பந்து என் கையிலேயே நின்றது.

"அக்கா, கழுத்துல தையல் விட்டிருக்குதுங்க."

சொல்லிவிட்டு, பனியனைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, எனக்கே திருப்பி வீசினாள். என்னைவிட நன்றாக வீசினாள்.

அவ்வளவுதான். ஒருத்தி ஆரம்பித்தால் போதுமே. எல்லோரும் பனியனை உள்ளே வெளியே திருப்ப ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கை நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இன்னொருவருக்கு யானைக்குட்டி கோணலாக இருந்தது. ஒரு வடக்கத்திப் பையன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, லேபிள் இல்லே" என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னான். அவன் லேபிள் அடிக்கிற வேலையில் இருக்கிறானாம்.

திரும்பி வந்த பனியன்கள் என் மேல் விழ ஆரம்பித்தன. சூறை விடுகிறவள் மேலேயே சூறை விட்ட ஊர் எங்களுடையதுதான்.

இதற்கு நடுவில் சைஸ் பிரச்சினை. சாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். "யக்கா, எம்மவனுக்கு ஒம்பது வயசு. இது மூணு வயசுப் பிள்ளைக்குள்ளதுல்லா. மாத்திக் குடுங்க" என்றார். என்னிடம் இல்லை என்றதும் அவரே கூட்டத்துக்குள் போய், பெரிய சைஸ் வைத்திருப்பவர்களைத் தேட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். நடு ரோட்டில் சந்தை கூடிவிட்டது. வண்டி நின்றது. வண்டி நின்றதால் மேளம் நின்றது. மேளம் நின்றதால் சாமி நின்றது.

டீக்கடை பெஞ்சை ஈஸ்வரி மேஜையாக்கிவிட்டாள். நல்ல பீஸ் ஒரு பக்கம், ஆல்டர், அதாவது பிரித்துத் தைத்தால் சரியாகிறது, ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கைகளுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது. கூட நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நோம்பி லீவில் ஊரே ஷிப்ட் ஏறிவிட்டது.

எனக்கு நங்கையாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வண்டியிலிருந்தே கெஞ்சினேன். சும்மா கொடுப்பதுதானே, வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் போட்டு விடலாம் என்றேன்.

"சும்மா குடுத்தாலும் கொழந்தைக்குக் கழுத்து உறுத்துமில்லீங்க," என்றாள் ஈஸ்வரி, தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்தாள். "இது எந்த யூனிட்ல தெச்சதுங்க?"

அந்த நேரம் பார்த்து ஊரே என் பக்கம் திரும்பியது. மேளக்காரர்கள்கூட என் வாயைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் திடீரென்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார், நிமிரவே இல்லை.

எனக்குத் தெரியலீங்க, சந்தையில் மொத்தமாக வாங்கியது என்று சொல்லிவிட்டேன். சாமிக்கு முன்னால் நின்று சொன்னேன். வேறு வழி?

"அக்கா, என்ன இப்படிச் சொல்றீங்க," என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் டெய்லர் செல்வம். முகமெல்லாம் பெருமை. "நம்ம ஊட்டு பீஸுங்க இது. கழுத்துப் பட்டி பூரா நான் வெச்சது. இதெல்லாம் செக்கிங்ல ஒதுக்குனதாச்சே, இதை ஏனுங்க எடுத்தாந்தீங்க?"

நான் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கமிட்டித் தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் சாமி கோயில் சேர வேண்டும், என்ன செய்வீர்களோ தெரியாது, கூட்டத்தை நகர்த்துங்கள் என்றார். எப்படி நகர்த்துவது? பனியனை வீசித்தான் இழுத்தேன், இப்போது அந்தப் பனியனேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நங்கையா கட்டிய கையை அவிழ்த்தார்.

டீக்கடைக்குள் போனார். கல்லாப் பக்கத்தில் காகிதம் சுற்றிய ஆரஞ்சு மிட்டாய் நிரம்பியிருந்த பாட்டில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்கு முன்னால் நடந்துபோய், மூடியைத் திருகி, கோயில் இருக்கும் திசையில் ஒரு கை அள்ளி வீசினார்.

கூட்டம் அப்படியே திரும்பியது. பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பின்னால். ஈஸ்வரிகூடப் பெஞ்சை விட்டுவிட்டு ஓடினாள். ஆரஞ்சு மிட்டாயைத் திருப்பிப் பார்க்க என்ன இருக்கிறது? அதற்குச் சைஸ் இல்லை, தையல் இல்லை, லேபிள் இல்லை. வாயில் போட்டால் முடிந்தது. நங்கையா வீச வீச ஜனம் நகர்ந்தது, வண்டி நகர்ந்தது, மேளம் அடித்தது, சாமி நல்ல நேரத்துக்குள் கோயில் சேர்ந்தது.

உபயோகம் இல்லாத பொருளுக்கும் ஒரு உபயோகம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். சத்தமாக இல்லை.

மறுநாள் காலையில் நங்கையா சொன்ன மாதிரியே வந்தார். நான் வாசலில் விளக்குமாற்றோடு நின்றேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ரோட்டைப் பார்த்தோம். ஒரு பனியன் இல்லை. சாக்கடையில் இல்லை, மரத்தில் இல்லை, எங்கேயும் இல்லை. வீதி நெடுக ஆரஞ்சு மிட்டாய்க் காகிதம் மட்டும்தான் பறந்துகொண்டிருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று வாயைத் திறப்பதற்குள் நங்கையா எங்கள் கேட்டைக் காட்டினார். கேட்டுக்கு உள்பக்கம் பனியன்கள் அழகாக மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தேறாதது ஒரு கட்டு, ஆல்டர் ஒரு கட்டு; நல்ல பீஸை மட்டும் ஜனம் கொண்டுபோயிருந்தது. எங்கே தவறு என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி போட்டிருந்தார்கள்.

"ரோட்டுல உன்னுது ஒண்ணுமே இல்ல அம்மிணி," என்றார் நங்கையா. விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்கி, மிட்டாய்க் காகிதத்தை அவரே கூட்ட ஆரம்பித்தார். நான் உள்ளே போய் அவருக்குக் காபி வைத்தேன்.

வீட்டுக்காரர் ஆல்டர் கட்டை எடுத்துக்கொண்டுபோய் செல்வத்தின் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டார். பிரிக்க வேண்டிய தையலைப் பிரிப்பது என் வேலை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஈஸ்வரி வந்து நிற்கிறாள், சூறையில் அவள் பிடித்த பீஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறாள். வெள்ளிக்கிழமை டெலிவரி என்று சொல்லியிருக்கிறேன்.