நாலு மணிக்குள் ஒப்புக்கொள்ளவும்

கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்தாவது முறையும் தவறான கடவுச்சொல்லைத் தட்டியபோது தேதி சாருக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. மகள் பிறந்த தேதி இல்லை. மனைவி பிறந்த தேதியும் இல்லை. கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்த்தார், அதுவும் இல்லை. அது சரியான தேதிதானா என்பதே அவருக்குச் சந்தேகம். நாள் முழுக்கத் தேதி பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதருக்கு ஆபத்து நேரத்தில் ஒரு தேதிகூட உதவவில்லை.

அவர் வேலை பார்ப்பது மருந்துப் பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில். மாத்திரை அட்டை, களிம்பு டப்பா, இருமல் மருந்துப் பெட்டி என்று எது அச்சுக்குப் போனாலும், முதலில் மாதிரித் தாளில் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நாலு வருடமாக இதுதான். அதனால் தேதி சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்று சொல்ல முடியாது.

ஐம்பது வயது முடிந்த அன்று முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவருக்கு, நம் டப்பாவில் என்ன தேதி போட்டிருக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அப்படியே துண்டால் துடைத்திருக்கலாம். மனிதர் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, ‘உலர்ந்த மை’ என்ற புனைபெயரில் எழுத ஆரம்பித்துவிட்டார். அமைச்சர்களின் நெற்றியில் காலாவதித் தேதி அச்சடிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை. ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவதற்கு விவாதம் என்று பெயர் வைத்த தொலைக்காட்சியைப் பற்றி ஒன்று. தனக்கு முழங்கால் வலி என்பது மனைவிக்கு முன்னால் கைப்பேசிக்குத் தெரிந்து, அது தைல விளம்பரம் காட்டுவதைப் பற்றி ஒன்று. அதோடு நின்றிருந்தாலும் தேவலை. ‘எங்கள் முதலாளி காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது, டப்பாவை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்’ என்றும் எழுதித் தொலைத்திருந்தார்.

பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குத் தினமும் மூன்றே வாசகர்கள். கைப்பேசியில் பார்க்கும் அவர், வீட்டுக் கணினியில் பார்க்கும் அவர், அலுவலகக் கணினியில் பார்க்கும் அவர்.

ஆனால் இன்று காலை ஒன்பதரைக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். முதலாளி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, அதை நாலு மூலையிலும் ஊசி குத்திக்கொண்டிருந்தவர் ரிசப்ஷன் அம்மா. நம் ஊழியர் ஒருவர் புனைபெயரில் நாட்டு நடப்பையும் நிர்வாகத்தையும் பற்றி இணையத்தில் எழுதி வருவது தெரியவந்திருக்கிறது. இன்று மாலை நாலு மணிக்குள் முதலாளி அறைக்கு வந்து ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு விடப்படும். தவறினால் நாங்களே கண்டுபிடிப்போம், பிறகு வேலை இருக்காது.

யாரைச் சொல்கிறார்கள் என்று தேதி சார் சும்மா கேட்பது போலக் கேட்டார். ஏதோ படித்துவிட்டு முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசப்ஷன் அம்மா கடைசி ஊசியைக் குத்தினார்.

ஐம்பத்தோரு வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பது? தேதி பார்ப்பேன் என்றால் எவன் வேலை கொடுப்பான்? அந்தப் பயத்தில்தான் பக்கத்தை அழித்துவிடலாமென்று கழிப்பறைக்குள் ஓடியது. பக்கத்து அறையிலும் யாரோ இருந்தார்கள். பத்து நிமிடமாகத் தண்ணீர்ச் சத்தமே இல்லை; கைப்பேசியைத் தட்டும் டொக் டொக் மட்டும் கேட்டது. வேவு பார்க்க ஆள் வைத்துவிட்டார்கள் என்று தேதி சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கடவுச்சொல் மறந்துவிட்டால் பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புவோம் என்றது திரை. பழைய எண் இப்போது மச்சானிடம் இருக்கிறது. மனைவியின் தம்பி. அவனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். வேறு வழியில்லை, கூப்பிட்டார்.

“நம்பர் வந்திருக்கு அத்தான். ஆனா எதுக்குன்னு சொன்னாத்தான் தருவேன். ஏதும் தப்பான இடமா?”

தப்பான இடம் இல்லை என்று நிரூபிக்க உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. யாரிடமும் மூச்சு விடாதே என்று மூன்று முறை கெஞ்சினார். மச்சான் மூன்று முறையும் சத்தியம் செய்துவிட்டுக் குறியீட்டைச் சொன்னான்.

அரை மணி நேரத்தில், உறவினர்கள் நாற்பத்தெட்டுப் பேர் இருக்கும் குழுவில் அவன் இணைப்பைப் போட்டான். ‘நம்ம அத்தான் எழுத்தாளர். ரகசியம், யாருக்கும் சொல்ல வேண்டாம்.’ பக்கத்தின் வாசகர் எண்ணிக்கை மூன்றிலிருந்து அறுபத்தொன்று ஆனது.

அடுத்து மனைவி கூப்பிட்டாள். வீட்டில் தான் ஒரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டதாக அவர் எழுதிய கட்டுரையை முழுக்கப் படித்திருந்தாள்.

“நாற்காலியையாவது தினம் துடைக்கிறேன்னு சேர்த்து எழுதியிருக்கலாம்ல.”

“அது பொதுவா எழுதினது...”

“முழங்கால் வலியை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.” குரல் லேசாகக் கம்மியது. “சாயந்தரம் வாங்க, பேசிக்கலாம்.”

இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் ‘சாயந்தரம் வாங்க, பேசிக்கலாம்’ என்ற வாக்கியம் ஒருமுறைகூட நல்லபடியாக முடிந்ததில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதுதான் அவரை இன்னும் வாட்டியது. ஆனால் வாடுவதற்கும் நேரம் வேண்டுமே. மணி பதினொன்று.

பக்கத்தை எப்படி அழிப்பது என்று கேட்டுக் கல்லூரியிலிருந்த மகளுக்குச் செய்தி அனுப்பினார். சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், எல்லாம் அழிந்துவிடும் என்று அவள் பதில் போட்டாள். அழுத்தினார். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. நிச்சயமாக என்றார். உடனே பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு பட்டை முளைத்தது: ‘இந்தப் பக்கம் முப்பது நாளில் மறைந்துவிடும். அதற்குள் படித்துக்கொள்ளுங்கள்.’

ஊர் உலகத்துக்கெல்லாம் காலாவதித் தேதி பார்த்தவருடைய பக்கத்துக்கே காலாவதித் தேதி. தீரப்போகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வாசகர் எண்ணிக்கை இருநூற்றுப் பதினாலு.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் யாரோ ஒரு மாதிரித் தாளை நீட்ட, அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பன்னிரண்டரைக்கு எந்திரம் நின்றது. இரண்டாயிரம் இருமல் மருந்துப் பெட்டிகள் அடித்துக் குவிந்திருந்தன. தயாரிப்பதற்கு ஒரு வருடம் முன்பே காலாவதியான மருந்து.

தேதி சார் ஒரு பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார். இருபத்து நாலு வருடத்தில் இது முதல் பிழை. ஒரு புள்ளி தவறினாலே கட்டடம் அதிரக் கத்தும் மேனேஜர் வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். திட்டுக்காகத் தேதி சார் தலையைக் குனிந்து தயாராக நின்றார்.

“விடுங்க, திரும்ப அடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் கைப்பேசியைப் பார்த்தபடியே போய்விட்டார்.

தேதி சார் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்? போகிற ஆளை எதற்குத் திட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

சாப்பாட்டு இடைவேளையில், மை கலக்கும் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலெல்லாம் நீலம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தேதி சார், இணையத்துல ஒரு பக்கத்தை அழிச்சா நிஜமாவே அழிஞ்சிடுமா?”

தேதி சார் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார். “எதுக்குக் கேக்கிறீங்க?”

“சும்மாதான். தங்கச்சி பையன் கேட்டான்.”

வாயைப் பிடுங்கப் பார்க்கிறார். யார் அனுப்பிய ஆளோ. தனக்கு அந்த மாதிரி விஷயமெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார். வழியில் காசாளர் எதிர்ப்பட்டார். அந்த மனிதர் சிரித்து இந்த அச்சகத்தில் யாரும் பார்த்ததில்லை. இன்று தேதி சாரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், துக்க வீட்டு வாசலில் தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பது போல. அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் தன் பிரிவுபசாரமே நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றரை மணிக்குத் தன் மேசையில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை பக்கத்தைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தப் பயத்திலும், வெட்கக்கேடு, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானூறு பேர் படித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் கீழே ‘எனக்கும் இப்படித்தான் இருக்கிறது’ என்றுகூட எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை உறையில் போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, மேசையைத் துடைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வந்து உட்கார முடியாமல் போனாலும் போகலாம்.

மாடிப்படி ஏறும்போது வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். நான்தான் ஐயா. தப்புதான் ஐயா. வயசுக் கோளாறு ஐயா. இந்தக் கடைசி வரி வேண்டாம் என்று பாதியில் எடுத்துவிட்டார்.

முதலாளி அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காசாளர். அடுத்து மை அண்ணன். எந்திரம் ஓட்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்று ஆறு பேர் வரிசையாக. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாட்சிகள். தனக்கு எதிராக ஆறு சாட்சிகளை உட்கார வைத்திருக்கிறார்கள். கூடவே சாப்பிட்டு, கூடவே சிரித்த ஆட்கள். தேதி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வந்த காலைத் திருப்பவில்லை. கதவருகே சின்ன மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்த ரிசப்ஷன் அம்மாவிடம் போய், பெஞ்சுக்காரர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அம்மா, அந்த நோட்டீஸ் விஷயமா வந்தேன். இணையத்துல எழுதினது... நான்தான்.”

ரிசப்ஷன் அம்மா நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். நாலுக்குப் பத்து நிமிடம். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

“நீங்க ஏழாவது ஆள் சார், மேனேஜர் பக்கத்துல தள்ளி உக்காருங்க, ஆளுக்கு ஒரு நிமிஷத்துல ஒப்புக்கிட்டு வெளிய வந்தீங்கன்னா புண்ணியமாப் போகும், முதலாளி படிச்சது என்னோட பக்கத்தை, நான் உள்ள போய்ச் சொல்றதுக்குள்ள மணி நாலாயிடும் போல இருக்கு.”