பாறைக்குச் சவரம்

எங்கள் மலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில் பலாப்பழ லாரி ஒன்று கவிழ்ந்தது ஞாபகமிருக்கிறதா? அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் பழம் உருண்டது என்று பேசிக்கொண்டார்கள். (அவ்வளவு தூரமெல்லாம் உருளாது. நாலு வளைவு உருண்டிருக்கும். இரண்டு பழம் எங்கள் ஊட்டுக்கும் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.) அந்தப் பழ வாசனை ரோட்டை விட்டுப் போவதற்குள் என் மகள் பூங்கொடியின் வேலையை நான் கெடுத்து முடித்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கலாம் என்றால், எங்கள் காலத்தில் அதற்குக் கூரையும் கிடையாது. ஆனால் பூங்கொடி படித்தாள். கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் சேர்ந்தாள். என்ன வேலை என்று போனில் கேட்டேன்.

"காடு செய்யறோம்ப்பா."

"காடு அதுவா வளருமே கண்ணு. அத எதுக்குச் செய்யோணும்?"

"கம்ப்யூட்டருக்குள்ளாறப்பா. விளையாட்டுக்கு, சினிமாவுக்கு. மரம், செடி, பாறை எல்லாம் பாக்கறதுக்கு நெசம் மாதிரியே இருக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஆயுசு முழுக்கக் காட்டை வெட்டி மரவள்ளி போட்டவன். என் மகள் உட்கார்ந்த இடத்தில் காடு செய்கிறாளாம்.

அவளுக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆபீசில் ஒரு நல்ல பாறை தேடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றி ஐந்நூறு போட்டோ எடுத்து உள்ளே ஏற்றிவிட்டால், அந்த ஒரு பாறையைத் திருப்பித் திருப்பிப் போட்டு மலையே கட்டிவிடலாமாம். ஆபீஸ் பெரியவர் வேறு பக்கம் போகலாம் என்றாராம். மலை மேல் எங்கள் ஊர்ப் பக்கமான பைல் நாட்டுக்குத்தான் வரவேண்டும் என்று இவள் அடம்பிடித்து இழுத்திருக்கிறாள். எங்கள் மிளகுத் தோட்டத்து ஓரத்தில் எருமை படுத்திருப்பது போல ஒரு பாறை உண்டு. சின்னப் பிள்ளையில் அதன் மேலேதான் விளையாடுவாள். அதன் போட்டோவைக் காட்டி எல்லோரையும் மயக்கி வைத்திருந்தாள்.

"இது நல்லபடியா அமைஞ்சா வேலைய உறுதி பண்ணிருவாங்கப்பா. வெள்ளிக்கிழமை வாரோம். பாறையப் பாத்துக்கங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. கல்யாணப் பந்தியைப் பாத்துக்கங்க என்றால் ஓரமாய் நின்று பார்ப்பதா? இலை போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், சாம்பார் போதுமா என்று எட்டிப் பார்க்க வேண்டும். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

மூன்று நாள் வேலை. முதல் நாள் பாறையைச் சுற்றியிருந்த பெரணிச் செடியெல்லாம் அறுத்தேன். சருகைக் கூட்டித் தீ வைத்தேன். இரண்டாம் நாள் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தேன். பச்சைப் பாசி சுலபமாக வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் தேமல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது வரவில்லை. விட்டேனா? உளி வைத்துச் சுரண்டினேன். மூன்றாம் நாள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். முன்னொரு தரம் கலெக்டர் மலைக்கு வந்தபோது ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் நாங்கள்தான் சுண்ணாம்பு அடித்தோம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் அடியில் ஒரு முழத்துக்கு வெள்ளை அடித்தேன். என் ஊட்டுக்காரி சும்மா இருப்பாளா? முன்னால் சாணி தெளித்துக் கோலம் போட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து ராசு வந்து பார்த்தான். "ஏனுங்ணா, சாமி ஏதாச்சும் கெடச்சுதுங்களா?"

"மகளோட ஆபீசரு வாராரு."

"பாறையப் பாக்கவா? அப்பச் சரிங்ணா. பளிச்சுனு மாப்பிள்ளையாட்டம் இருக்குது." (அவனும் என்னை மாதிரிதான். படிக்காதவன்.)

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. வெயில் இல்லாமல் மூடாக்கு போட்டிருந்தது. நிழல் விழாத இந்த வெளிச்சம்தான் வேண்டும் என்று பெரியவர் சந்தோஷப்பட்டுக்கொண்டே இறங்கினார். பூங்கொடி முன்னால் ஓடினாள். மேடேறியதும் நின்றுவிட்டாள்.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாராட்டு வரும் என்று நின்றேன்.

"அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பெரியவர் பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோலத்தை மிதிக்காமல் தாண்டினார். நல்ல மனுசன். "பாசி எல்லாம் எங்கேங்க ஐயா?"

"எடுத்தாச்சுங்க. ஒரு பொட்டு இல்லீங்க."

"எங்களுக்கு அதுதாங்க வேணும். பாசி, சருகு, கறை, அந்தச் சாம்பல் தேமல். அதெல்லாம் இருந்தாத்தான் காடு நம்பற மாதிரி இருக்கும். பாறை எங்க வேணா கெடைக்கும்."

"அழுக்கா வேணும்னீங்க?" என்றேன். பூங்கொடி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடப் போனார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெற்றவன் மனசு கேட்கவில்லை. ஓடைக்கு ஓடி ஒரு கூடைப் பாசி வழித்துக்கொண்டு வந்தேன். பின்பக்க அடுப்பில் மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சினேன்.

"ஏனுங்க, கஞ்சி யாருக்குங்க?" என்றாள் ஊட்டுக்காரி.

"பாறைக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்குச் சாமைச் சோறு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பசை தடவி, பாசியைத் துண்டு துண்டாய் ஒட்டி, மேலே சருகும் தூவினேன். அசல் மாதிரியே இருந்தது. மகள் காடு செய்தால் அப்பன் செய்யக்கூடாதா? அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வந்தால், ராசுவின் பசு பாறை மேல் முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கஞ்சி ருசியில் என் காட்டை நக்கிக்கொண்டிருந்தது. பாதிப் பாறை பச்சை, பாதி வழுக்கை. பெரியவர் அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ஐந்நூறு எடுக்க வந்தவர்.

வேனில் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி போனாள் பூங்கொடி. திட்டியிருந்தால் தேவலை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"பாறையாலதானா சாமி?"

"அதெல்லாம் இல்லப்பா. ஆளு சாஸ்தியாப் போச்சுன்னாங்க."

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் என் மகள் பொய் சொன்னால் தெரியும்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த மாதிரி வேலை அமையவே இல்லை. இப்போது சேலத்தில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை செய்கிறாள். ஓரத்தில் வாழைமரம் போடச் சொன்னால், அதில் ஒரு காய்ந்த இலையும் தொங்க விடுவாளாம். "கல்யாணத்துல காஞ்ச எல எதுக்கும்மா?" என்று கடைக்காரர் அழித்துவிடுவாராம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். (மாட்டுக்குத் தாகமே இல்லை.)

ஊரில் எனக்கு 'பாறைக்குச் சவரம் பண்ணினவரு' என்று பேராகிவிட்டது. சொந்தக்காரர் ஊட்டு விசேஷத்துக்குப் போனால், "வாங்க, உங்க கண்ணுல படாம அம்மிக்கல்ல உள்ள எடுத்து வெச்சுட்டோம்" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். என்ன செய்வது?

பச்சைப் பாசி அடுத்த மழைக்கே வந்துவிட்டது. அந்தச் சாம்பல் தேமல்தான் வரவில்லை. அது நகமளவு வளரவே வருசக்கணக்கு ஆகுமாம். பூங்கொடி லீவுக்கு வந்தால் பையைக்கூட இறக்காமல் முதலில் பாறைக்குத்தான் போவாள். குனிந்து பார்ப்பாள். எழுந்து ஊட்டுக்கு வருவாள். இந்தத் தைக்கு வந்தபோது, "அப்பா, இங்க பாருங்க" என்றாள். கிழக்குப் பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று வந்திருக்கிறது.

அது உள்ளங்கை அளவு ஆவதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். அதனால் நீங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பைல் நாட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பாறையில் கை வைக்க வேண்டாம். கெட்டவன் போனால்கூடப் பரவாயில்லை. நல்லது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன் மட்டும் கிட்டவே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.